வாசகர் கேள்வி – பதில்: பாதை முடிந்த இடத்துக்கு அப்பால்

கோடைக்கால நெடுநடையைப் பற்றி இம்முறை வந்துள்ள கடிதங்கள் பலவும் ஒரே வகையான பயணத்தைக் குறித்தவை. ஒரு குழு விடியற்காலையில் புறப்படுகிறது. சில மணி நேரம் மலைப்பாதையில் ஏறுகிறது. பிறகு பாதையை விட்டு விலகி, புதர்களையும் விழுந்த மரங்களையும் கடந்து வேறொரு முகட்டை அடைந்து, அங்கிருந்து இன்னொரு பாதை வழியாக இறங்குகிறது. எல்லாக் கடிதங்களுக்கும் இங்கே இடமில்லை என்பதால், பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் பன்னிரண்டு பேர். மொத்தத் தூரம் 18 கிலோமீட்டர், ஏற்றம் 900 மீட்டர். நடுவில் 4 கிலோமீட்டருக்குப் பாதை கிடையாது. காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் பகல் ஒரு மணிக்குள் முடித்துவிடலாம் என்கிறார் எங்கள் நண்பர். அவர் கணக்கு சரிதானா?

பதில்: நண்பர் கணக்கைக் காற்றில் போடவில்லை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ஆம் ஆண்டில் வகுத்த ஒரு விதி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம் என்பது அதன் சாரம். உங்கள் 18 கிலோமீட்டருக்கு மூன்று மணி முப்பத்தாறு நிமிடமும், 900 மீட்டர் ஏற்றத்துக்கு ஒன்றரை மணி நேரமும் சேர்த்தால் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் வருகிறது. சாப்பாட்டுக்குச் சிறிது நேரம் ஒதுக்கினால் பகல் ஒரு மணி.

ஆனால் அந்த விதி, உடல் வலுவுள்ள ஒருவர் நல்ல பாதையில் நிற்காமல் நடப்பதற்கானது. உங்கள் பயணத்தில் இந்த மூன்று நிபந்தனைகளும் பொருந்தவில்லை. அடர்ந்த புதருக்குள் ஒரு குழு மணிக்கு ஒரு கிலோமீட்டர் நகர்ந்தால் அது நல்ல வேகம்; நான் ஒருமுறை 400 மீட்டரைக் கடக்க ஐம்பது நிமிடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன், அதுவும் மூன்று பேருடன். ஏற்றம் முழுவதும் பாதையில்தான் என்று வைத்துக்கொண்டே உங்கள் கணக்கைத் திருத்திப் பார்ப்போம். பாதையில் 14 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நாற்பத்தெட்டு நிமிடம், ஏற்றத்துக்கு ஒன்றரை மணி, பாதையற்ற 4 கிலோமீட்டருக்கு நான்கு மணி. ஆக எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. மணிக்குப் பத்து நிமிட ஓய்வும், நடுப்பகலில் அரை மணி நேரமும் சேர்ந்தால் பத்து மணி நேரம் கடந்துவிடுகிறது. ஒரு மணிக்கு வீடு திரும்ப நினைத்தவர் மாலை ஐந்து மணிக்குத்தான் மலையடிவாரத்துக்கு வருவார்.

இதிலும் பன்னிரண்டு பேர் என்பதை நான் இன்னும் சேர்க்கவில்லை. குறுக்கே கிடக்கும் ஒரு பெரிய மரத்தை ஒவ்வொருவராக ஏறிக் கடக்க ஆளுக்கு இரண்டு நிமிடம் பிடித்தால், அந்த ஒரு மரம் உங்கள் நாளில் இருபத்துநான்கு நிமிடத்தை விழுங்கிவிடும். அப்படி மூன்று மரங்கள் இருந்தால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் போய்விடும். பாதையில் பன்னிரண்டு பேர் ஒரு வரிசையாக நகர்வார்கள். புதரில் பன்னிரண்டு பேர் ஒரு வாசலில் காத்து நிற்பார்கள்.

காட்டின் அடர்த்தியை வரைபடம் சொல்லாது என்பதையும் கவனத்தில் வையுங்கள். முதிர்ந்த மரங்கள் நிற்கும் காட்டில் மேலே நிழல் கவிந்திருப்பதால் கீழே செடிகள் குறைவாக இருக்கும். அங்கே நடை எளிது. காட்டுத்தீயோ சூறைக்காற்றோ மரங்களைச் சாய்த்த இடத்தில், சில ஆண்டுகளில் இளமரங்கள் விரல் நுழைய இடமில்லாமல் முளைத்துவிடும். வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே பச்சைதான். ஓடைக் கரைகளில் ஈரம் இருப்பதால் புதர் அதிகம்; முகட்டின் முதுகெலும்பில் மண் ஆழமில்லாததால் பெரும்பாலும் குறைவு, விலங்குகள் நடந்த தடமும் அங்கே கிடைக்கக்கூடும். ஆகவே இரண்டு முகடுகளை இணைக்கும் கோட்டை வரையும்போது, பள்ளத்தின் குறுக்கே போகும் நேர்க்கோட்டைவிட, முகட்டையே ஒட்டி வளைந்து போகும் நீண்ட கோடு பல நேரங்களில் விரைவானது.

நான் சொல்லக்கூடிய மிகப் பயனுள்ள ஆலோசனை இதுதான்: பாதையற்ற பகுதியின் முதல் ஒரு கிலோமீட்டரை உரைகல்லாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பிடித்தால் வந்த வழியே திரும்பிவிடுவது என்று புறப்படும் முன்பே, எல்லோர் முன்னிலையிலும் பேசி முடிவு செய்யுங்கள். களைத்துப்போன பிறகு, உச்சி கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நின்றுகொண்டு எடுக்கப்படும் முடிவுகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த நேரத்தில் "இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்லாத குழுவை நான் பார்த்ததே இல்லை. கூடவே, அந்த 4 கிலோமீட்டரைப் பயணத்தின் முற்பாதியில் அமையுங்கள். கடைசியில் வைத்தால், களைத்த கால்களோடும் மங்கும் வெளிச்சத்தோடும் புதருக்குள் நுழைய வேண்டிவரும்.

கேள்வி: எங்கள் குழுவில் வேகமாக நடப்பவர்கள் முன்னால் போய்விட்டு, ஏதாவது ஓரிடத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்காகக் காத்திருப்பார்கள். இதில் தவறொன்றும் இல்லையே?

பதில்: காத்திருக்கிறார்களே என்று அவர்களைப் பாராட்டத் தோன்றும். ஆனால் அங்கே நடப்பதை உற்றுப் பாருங்கள். வேகமானவர்கள் பதினைந்து நிமிடம் இளைப்பாறியிருப்பார்கள். பின்னால் வந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்த அதே நொடியில் எல்லோரும் பையை எடுத்து மாட்டிக்கொள்வார்கள். ஓய்வு அதிகம் தேவைப்பட்டவருக்கு ஓய்வே இல்லை. நாள் முழுவதும் இப்படி நடந்தால், பிற்பகலில் அவர் கால் தடுக்கி விழுவார். அதற்குப் பிறகு அந்தக் குழுவின் வேகம் என்னவாக இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகுதான் ஓய்வு நேரம் தொடங்குகிறது என்று ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டால் இந்தக் குறை தீரும்.

பாதையில் நடக்கும்போது முன்னால் வழி தெரிந்த ஒருவரும், கடைசியில் அனுபவமுள்ள இன்னொருவரும் இருக்க வேண்டும். கடைசி ஆளுக்கும் பின்னால் யாரும் தங்கக் கூடாது. இயற்கை அழைப்புக்காக ஒதுங்குகிறவர் தம் பையைப் பாதையோரத்தில் வைத்துவிட்டுப் போனால், பின்னால் வருபவர் அதைப் பார்த்து நின்றுகொள்வார். பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் முழுக் குழுவும் கூடிய பிறகே நகர வேண்டும்.

பாதையை விட்டு இறங்கியதும் விதிகள் மாறுகின்றன. ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் போகிறவரை மட்டுமல்லாமல், பின்னால் வருகிறவரையும் கண்ணில் வைத்திருக்க வேண்டும். பின்னவர் தென்படவில்லை என்றால் நின்றுவிட வேண்டும். அப்படி நிற்பது சங்கிலிபோல முன்னால் போகிறவர் வரை பரவும். அதே சமயம் இருவருக்கும் இடையே இரண்டு மூன்று மீட்டர் இடைவெளி வேண்டும், ஏனென்றால் முன்னவர் விலக்கிவிட்ட கிளை விசையோடு திரும்பிப் பின்னவரின் கண்ணில் அடிக்கும். கிளையைப் பிடித்து வைத்திருந்து "பார்த்து" என்று சொல்லி விடுவது நல்ல எண்ணத்தில் செய்யப்படுவதுதான்; ஆனால் இழுத்த கிளையை விடும்போதுதான் விசை அதிகம், ஆகவே இடைவெளியே மேல். சாதாரணக் கண்ணாடியோ கண்காப்புக் கண்ணாடியோ அணிந்திருப்பது நல்லது. செங்குத்தான சரிவில் ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் நிற்கக் கூடாது. காலால் புரண்ட கல்லுக்குக் கண் கிடையாது.

எத்தனை பேர் போகலாம் என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். பாதையற்ற பகுதிக்கு என் மனத்துக்கு உகந்த எண்ணிக்கை நான்கிலிருந்து ஆறு. ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் உடன் இருக்கவும், இருவர் உதவி தேடிப் போகவும் நான்கு பேர் போதும்.

கேள்வி: கைப்பேசியில் வரைபடம் இருக்கிறது, நாம் நிற்கும் இடத்தை நீலப் புள்ளி காட்டுகிறது. இந்தக் காலத்தில் திசைகாட்டியும் காகித வரைபடமும் எதற்கு?

பதில்: கைப்பேசியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால், அலைவரிசை இல்லாத இடத்திலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும். சிக்னல் கிடைக்காத இடத்தில் கைப்பேசி அதைத் தேடித் தேடியே மின்கலத்தைத் தீர்த்துவிடும் என்பதால், விமானப் பயண நிலையில் வைத்து நடந்தால் மின்னாற்றல் வெகுநேரம் தாங்கும். ஆனாலும் குறுகிய பள்ளத்தாக்கிலும் அடர்ந்த மரக்கூரையின் கீழும் அந்த நீலப் புள்ளி பல மீட்டர் தள்ளி நிற்பதுண்டு. கைப்பேசி பாறையில் விழுந்து உடைவதும் உண்டு. பன்னிரண்டு பேரும் ஒரே ஒருவரின் கைப்பேசியை நம்பிப் போவதுதான் எனக்குக் கவலை தருகிறது.

திசைகாட்டி ஏன் தேவை என்பதற்கு ஓர் ஆய்வு நல்ல விடை தருகிறது. காட்டில் வழி தவறியவர்கள் வட்டமாகச் சுற்றி வருவார்கள் என்று காலங்காலமாகச் சொல்லப்படுவது உண்மைதானா என்பதை, ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த யான் சூமனும் சக ஆய்வாளர்களும் சோதித்து 2009-இல் வெளியிட்டார்கள். ஜெர்மனியில் ஒரு பெரிய காட்டிலும், துனிசியாவின் சகாரா பாலைவனத்திலும் ஆட்களை நேராக நடக்கச் சொல்லி, அவர்கள் போன தடத்தை ஜி.பி.எஸ். மூலம் பதிவு செய்தார்கள். சூரியன் தெரிந்த நேரத்தில் ஓரளவு நேராகப் போனவர்கள், மேகம் மூடிய காட்டில் தங்களை அறியாமலே வட்டமடித்து, தாங்கள் நடந்த தடத்தையே மீண்டும் கடந்தார்கள். கண்ணைக் கட்டி நடக்கவிட்டபோது வட்டங்கள் மிகச் சிறியவையாகிவிட்டன. சிலர் எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறார்கள் என்றுகூட இல்லை; ஒரே ஆள் சில நேரம் இடப்பக்கமும் சில நேரம் வலப்பக்கமும் திரும்பினார். "எனக்குத் திசை நன்றாகத் தெரியும்" என்று சொல்பவரை முன்னால் விடும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

திசைகாட்டியால் நடக்கும்போதும் ஒரு பாகை பிழைத்தால் கிலோமீட்டருக்குச் சுமார் 17 மீட்டர் விலகுவீர்கள். ஐந்து பாகை பிழைத்தால் சுமார் 87 மீட்டர். காந்த முள் காட்டும் வடக்கும் வரைபடத்தின் வடக்கும் ஒன்றல்ல. அந்த வேறுபாடு இடத்துக்கு இடம் மாறும், ஆண்டுகள் செல்லச் செல்லவும் மாறும். வரைபடத்தின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அளவைப் பார்த்துத் திருத்திக்கொள்ளாவிட்டால், முதல் அடியிலேயே பிழை தொடங்கிவிடும்.

பழகியவர்கள் ஒரு தந்திரம் செய்வார்கள். ஓர் ஓடையும் பாதையும் சந்திக்கும் இடத்தை அடைய வேண்டுமென்றால், அந்தச் சந்திப்பை நேராகக் குறிவைக்காமல், வேண்டுமென்றே நூறு இருநூறு மீட்டர் இடப்பக்கமாகக் குறிவைத்து நடப்பார்கள். ஓடையைத் தொட்டதும் வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்பதில் ஐயமே இருக்காது. நேராகக் குறிவைத்தவரோ, ஓடைக் கரையில் நின்றுகொண்டு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று திகைப்பார். அதேபோல, "இந்த ஓடையைக் கடந்துவிட்டால் நாம் தாண்டிப் போய்விட்டோம்" என்று சொல்லக்கூடிய ஓர் எல்லை அடையாளத்தையும் முன்கூட்டியே வரைபடத்தில் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் வழி அதிகம் தவறும். ஏறும்போது முகடுகள் எல்லாம் ஒன்று சேர்ந்து ஒரே உச்சிக்குப் போகின்றன. இறங்கும்போது அதே முகடுகள் விரல்களைப்போலப் பிரிகின்றன, தவறான விரலில் இறங்கினால் வேறு பள்ளத்தாக்கில் போய் நிற்பீர்கள். என் இளமைக்காலத்தில் நானும் சில நண்பர்களும், தண்ணீர் எப்படியும் கீழேதானே போகும் என்ற துணிவில் ஓர் ஓடையைப் பிடித்து இறங்கினோம். தண்ணீர் கீழேதான் போனது. நாங்கள் பின்பற்ற முடியாத ஓர் அருவியாகப் போனது. ஏறி மீள இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகளுக்கிடையே உயர வேறுபாடு 20 மீட்டராக உள்ள வரைபடத்தில், 15 மீட்டர் உயரப் பாறைச் சுவர் ஒன்று இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒளிந்துகொண்டு கண்ணுக்கே தெரியாமல் போகலாம் என்பதை அன்றுதான் கற்றேன்.

கேள்வி: கோடை வெயிலில் அரைக்கால் சட்டை போட்டு நடக்கலாம் அல்லவா?

பதில்: பாதையில் மட்டும் நடப்பதானால் தாராளமாக. புதருக்குள் நுழைவதானால் முழுக்கால் சட்டையும் முழுக்கைச் சட்டையும்தான். மெல்லிய, ஆனால் நெருக்கமாக நெய்த துணி போதும். கையுறையும் கொண்டுபோங்கள். முதுகுப்பையின் வெளியே எதையும் தொங்கவிடாதீர்கள், அது கிளைக்குக் கொடுக்கும் காணிக்கை. வெளியே வந்ததும் முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள், தலைமுடியோரம் ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்து எடுக்க வேண்டும். எண்ணெய் தடவுவதும் நெருப்பால் சுடுவதும் கூடாது.

கேள்வி: ஒரு நாளுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் வேண்டும்? மலையோடை நீர் தூய்மையானதுதானே, அப்படியே குடிக்கலாமா?

பதில்: மிதமான வெயிலில் மணிக்கு அரை லிட்டர் என்று தொடங்கலாம், கடும் ஏற்றத்திலும் புழுக்கத்திலும் வியர்வை அதைவிட இருமடங்காகக்கூட வெளியேறும். புதருக்குள் காற்று நுழையாது என்பதால் அங்கே தேவை கூடும். பத்து மணி நேர நடைக்கு முழுத் தண்ணீரையும் சுமப்பது பெரும்பாலோரால் இயலாது. ஆகவே வழியில் நிரப்பிக்கொள்ளும் இடங்களை வரைபடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். முகட்டில் தண்ணீர் இராது என்பதையும், கோடையின் பிற்பகுதியில் சிற்றோடைகள் வற்றியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தெளிவு வேறு, தூய்மை வேறு. கண்ணாடிபோல ஓடும் நீரிலும் ஜியார்டியா போன்ற நுண்ணுயிரிகள் இருக்கலாம். கொதிக்கத் தொடங்கிய பின் ஒரு நிமிடமும், 2,000 மீட்டருக்கு மேலான உயரத்தில் மூன்று நிமிடமும் கொதிக்க வைத்தால் போதும். நல்ல வடிகட்டியும் பயன்படும். குளோரின் மாத்திரையை நம்புகிறவர்கள், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி அதற்கு எளிதில் அடங்காது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தாகமே இல்லாதபோதும் வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் இரத்தத்தில் சோடியத்தின் அளவு குறைந்து, தலைவலி, குமட்டல், குழப்பம் எல்லாம் வரும். அதை நீரிழப்பு என்று தவறாக நினைத்து மேலும் தண்ணீர் கொடுப்பவர்கள் உண்டு. தாகத்துக்குக் குடியுங்கள், உப்புள்ள தின்பண்டத்தையும் இடையிடையே சாப்பிடுங்கள்.

கேள்வி: சென்ற ஆண்டு எங்கள் குழுவில் ஐம்பது வயதைக் கடந்த ஒருவர், ஏற்றத்தில் தள்ளாடத் தொடங்கி, பேச்சும் குழறியது. நிழலில் உட்காரவைத்து விசிறினோம். சற்று நேரத்தில் சரியாகிவிட்டார். நாங்கள் செய்தது சரிதானா? ஒருவேளை சரியாகாமல் போயிருந்தால்?

பதில்: அவர் மீண்டு வந்தது மகிழ்ச்சி, ஆனால் நீங்கள் ஒரு பேராபத்தின் வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறீர்கள். களைப்பு, தலைச்சுற்றல், குமட்டல், மிகுந்த வியர்வை ஆகியவை வெப்பச் சோர்வின் அடையாளங்கள். நிழல், ஓய்வு, தண்ணீர் இவற்றால் அது தணியும். தள்ளாட்டம், குழறல், பொருந்தாத பேச்சு, காரணமற்ற கோபம் என்று மூளை தடுமாறத் தொடங்கினால் அது வெப்பத்தாக்காக இருக்கக்கூடும். அப்போது உடலின் உள்வெப்பம் பொதுவாக 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். வெப்பத்தாக்கில் வியர்வை நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். உழைப்பினால் வரும் வெப்பத்தாக்கில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம், அதை வைத்து ஏமாறக் கூடாது.

அந்த நிலையில் விசிறுவது மட்டும் போதாது. முதலில் குளிரவைப்பது, பிறகுதான் சுமந்து செல்வது. அருகில் ஓடை இருந்தால், தலை நீருக்கு மேலே இருக்கும்படி ஒருவர் தாங்கிப் பிடித்துக்கொள்ள, உடலை நீரில் அமிழ்த்துங்கள். ஓடை இல்லாவிட்டால் குழுவிடம் உள்ள தண்ணீரையெல்லாம் உடல் முழுவதும் ஊற்றி, நனைத்த துணியால் மூடி, மாற்றி மாற்றி விசிறுங்கள். நினைவு தடுமாறியவருக்குக் குடிக்கக் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். குளிரவைக்கும்போதே இன்னொருவர் உதவிக்கு அழைக்க வேண்டும். அவர் தேறிவிட்டதாகத் தோன்றினாலும் அன்றைய நடை அங்கேயே முடிந்தது. மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்.

ஆபத்தில் உதவி கேட்பதற்கு விசிலையோ விளக்கையோ கொண்டு ஒரு நிமிடத்தில் ஆறு முறை சமிக்ஞை கொடுத்து, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் தொடங்குவது ஆல்ப்ஸ் மலைகளின் மரபு. கிளிண்டன் டென்ட் என்ற ஆங்கிலேய மலையேறி 1894-இல் முன்மொழிந்தது அது. கேட்டவர்கள் நிமிடத்துக்கு மூன்று என்று பதில் தருவார்கள். வட அமெரிக்காவில் மூன்று சமிக்ஞையே உதவி கேட்கும் குறி. கத்துவதைவிட விசில் தொலைவுக்குக் கேட்கும், தொண்டையும் தப்பும். ஆளுக்கொன்று கழுத்தில் இருக்கட்டும்.

கேள்வி: காலையில் வானம் தெளிவாக இருந்தாலும் பிற்பகலில் இடி மின்னல் வருகிறது. முகட்டில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

பதில்: மாட்டிக்கொள்ளாமல் இருப்பதே செய்யத்தக்கது. வெயிலில் சூடான ஈரக்காற்று மலைச்சரிவில் ஏறிக் குளிர்ந்து மேகமாவதால், கோடையில் இடிமேகங்கள் பெரும்பாலும் பிற்பகலில் திரளுகின்றன. எனவே நடுப்பகலுக்குள் முகட்டிலிருந்து இறங்கிவிடும்படி திட்டமிடுவது மலையேறிகளின் பழைய வழக்கம். முதல் கேள்வியில் சொன்ன நேரக் கணக்கு தவறினால் அதன் விலையை இங்கேதான் கொடுப்பீர்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் ஏறத்தாழ எத்தனை கிலோமீட்டர் தொலைவு என்று தெரியும். முப்பது நொடிக்குக் குறைந்தால் அது 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. உடனே இறங்கத் தொடங்குங்கள். தனித்து நிற்கும் மரத்தடி, குகையின் வாய், நீரோட்டம் ஆகியவற்றைத் தவிருங்கள். சம உயர மரங்கள் அடர்ந்த தாழ்வான காட்டுப்பகுதி ஒப்பீட்டளவில் மேலானது. முழுப் பாதுகாப்பு வெட்டவெளியில் எங்கும் இல்லை. ஒருவரோடு ஒருவர் ஒட்டி நிற்காமல் விலகி நில்லுங்கள், ஒரே மின்னல் எல்லோரையும் வீழ்த்தினால் முதலுதவி செய்ய ஆள் இராது. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழித்தே மீண்டும் ஏறலாம். மழையில் நனைந்தவர் காற்றில் நின்றால் கோடையிலும் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறையும். 1,000 மீட்டர் உயரத்துக்குச் சராசரியாக 6.5 டிகிரி வெப்பநிலை குறைகிறது என்பதால், அடிவாரத்து வெயிலைப் பார்த்து மேற்சட்டையை விட்டுவிட்டு வராதீர்கள்.

கேள்வி: பாதையை விட்டு விலகி நடப்பது காட்டுக்குச் செய்யும் கேடு இல்லையா? பத்துப் பேர் மிதித்தால் செடிகள் என்னாவது?

பதில்: இந்த உறுத்தல் இருக்கிறவர்கள்தான் பாதையை விட்டு நடக்கத் தகுதியானவர்கள். முதலில், அந்த இடத்தில் அப்படி நடக்க அனுமதி உண்டா என்று பாருங்கள். பாதுகாக்கப்பட்ட காடுகள் பலவற்றில் பாதையை விட்டு விலகவே தடை உண்டு, குழுவின் அளவுக்கும் வரம்பு உண்டு. அனுமதி இல்லையென்றால் பேச்சுக்கே இடமில்லை.

அனுமதி உள்ள இடத்தில் ஒரு வேடிக்கையான முரண் இருக்கிறது. பாதையில் நடக்கும்போது, சேறாக இருந்தாலும் நடுவிலேயே ஒற்றை வரிசையில் நடக்க வேண்டும். ஓரமாக ஒதுங்கினால் பாதை அகன்றுகொண்டே போகும். பாதை இல்லாத திறந்த புல்வெளியிலோ இதற்கு நேர்மாறு: ஒருவர் அடிச்சுவட்டில் இன்னொருவர் நடக்காமல் பரவி நடக்க வேண்டும், ஏனென்றால் ஒரே இடத்தில் பல முறை விழும் மிதிதான் புதிய தடத்தை உண்டாக்குகிறது. புதருக்குள் பார்வை மறையும் என்பதால் இப்படிப் பரவ முடியாது. குழு சிறியதாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம். இயன்றவரை பாறை, மணல், சருகு ஆகியவற்றின் மீது கால் வையுங்கள். பாசியையும் சதுப்பையும் சுற்றிப் போங்கள். அடுத்தவருக்கு வழி காட்டுவதாக எண்ணிக் கிளையை ஒடிப்பதும், நாடா கட்டுவதும், கற்களை அடுக்குவதும் வேண்டாம். மலம் கழிக்க நேர்ந்தால் நீர்நிலையிலிருந்து 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழக் குழி தோண்டி மூடுங்கள்.

கேள்வி: நான் மெதுவாக நடப்பவள். என் தோழிகள் இந்த நெடுநடைக்கு அழைக்கிறார்கள். பாதையில் என்னால் ஆறேழு மணி நேரம் நடக்க முடியும், புதருக்குள் நுழைந்து பழக்கமில்லை. மற்றவர்களுக்குச் சுமையாகிவிடுவேனோ என்று தயங்குகிறேன். போகலாமா, வேண்டாமா?

பதில்: ஆறேழு மணி நேரம் நடப்பவர் தம்மைச் சுமை என்று சொல்லிக்கொள்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், சகோதரி. புதருக்குள் வேகமாக நடப்பவருக்குத் தனிச் சலுகை எதுவும் கிடைப்பதில்லை. அங்கே எல்லோரும் மெதுவாகத்தான் போகிறார்கள். பொறுமையாக, காலை வைக்கும் இடத்தைப் பார்த்து வைப்பவர், முட்டி மோதி முன்னேறுகிறவரைவிடக் குறைவாகக் களைப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இருந்தாலும் பழக்கமில்லாமல் நேராக 4 கிலோமீட்டர் புதரில் இறங்க வேண்டாம். அதற்கு முன் ஒரு நாள், பாதைக்குப் பக்கத்திலேயே, இருபுறமும் தெரிந்த பாதைகள் உள்ள ஓர் இடத்தில் அரைக் கிலோமீட்டர் நடந்து பாருங்கள். உங்களுக்குப் பிடிக்கிறதா என்பது அந்த அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். பிடிக்காமல் போவதும் குற்றமல்ல. என் நெருங்கிய நண்பர் ஒருவர் முப்பது ஆண்டுகளாக மலை ஏறுகிறார், பாதையை விட்டு ஓர் அடியும் வைக்க மாட்டார்.

பிடிக்காவிட்டாலும் நீங்கள் விலகிக்கொள்ளத் தேவையில்லை. குழுவை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினர் பாதையிலேயே நடந்து மறுபக்கச் சந்திப்பில் மற்றவர்களை எதிர்கொள்ளும்படி திட்டமிடலாம். அப்படிச் செய்தால் இரு பகுதியிலும் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். வரைபடமும் முதலுதவிப் பையும் இரண்டிரண்டாக வேண்டும். எத்தனை மணிக்குச் சந்திப்பது என்பதையும், அந்த நேரம் கடந்தால் எவ்வளவு காத்திருப்பது, பிறகு யாருக்குத் தெரிவிப்பது என்பதையும் எழுதி இரு பகுதியினரும் வைத்துக்கொள்ள வேண்டும். புதரிலிருந்து வருகிறவர்கள் தாமதமாவார்கள் என்பதை எதிர்பார்த்தே அந்த நேரத்தைக் குறியுங்கள். அவர்களைத் தேடிக்கொண்டு நீங்கள் புதருக்குள் நுழையக் கூடாது.

ஒப்புக்கொள்வதற்கு முன் உங்களை அழைத்தவரிடம் மூன்றைக் கேளுங்கள். எந்த நேரத்தில், எந்த இடத்தில் திரும்பிவிடுவதாக முடிவு செய்திருக்கிறீர்கள்? நடுவில் ஒருவரால் முடியாமல் போனால் பாதைக்கு வெளியேறும் குறுக்கு வழி எது? வரிசையின் கடைசியில் நடக்கப்போகிறவர் யார்? மூன்றுக்கும் அவர் உடனே பதில் சொன்னால் கிளம்புங்கள். "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னால், அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு வேறு வேலை இருக்கிறது.